பெட்டிசத்தின் ஏழாம் பந்தி

நல்லரத்தினம் எழுதிய பெட்டிசத்துக்கு அசையாத நாற்காலி கிழக்கு மாகாணத்தில் இன்னும் செய்யப்படவில்லை. இது ஊரார் கட்டிவிட்ட புகழ் அல்ல. நல்லரத்தினமே நிதானமாக ஆராய்ந்து கண்டுபிடித்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அறிவித்துவந்த உண்மை.

முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் மேலிடத்துக்கு எழுதிய பெட்டிச மனுக்களுக்கு முத்திரை குத்திக் குத்தி, எது போய்ச் சேரும், எது குப்பைக்கூடைக்குப் போகும் என்று உறையின் பாரத்தை வைத்தே சொல்லத் தேறியிருந்தார். ஓய்வுக்குப் பிறகு தாமே எழுதத் தொடங்கினார். ஒரு பஸ் டிப்போ அத்தியட்சகர், இரண்டு கிராம உத்தியோகத்தர்கள், பாசிக்குடாவில் மீனவர்களின் தோணித்துறைக்குக் குறுக்கே வேலி போட்ட ஹோட்டல் முகாமையாளர் ஒருவர் என எல்லாரும் இப்போது வேறு ஊர்களில் இருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களும் தேவைப்பட்டால் தம்மிடம் வரலாம் என்று நல்லரத்தினம் சொல்லிவைத்திருந்தார்.

அவருக்குச் சில ஒழுக்கங்கள் இருந்தன. பெட்டிசம் பதிவுத் தபாலில்தான் போக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடியில் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் மூன்றும் இருக்க வேண்டும். பெயர் போடாத மொட்டைப் பெட்டிசத்தைப் பற்றிப் பேசும்போது அவர் முகம், பச்சைப் பாகற்காயைக் கடித்த மாதிரி ஆகிவிடும்.

"மொட்டைப் பெட்டிசம் எழுதுறவன் கல்லையும் எறிஞ்சி போட்டு ஜன்னலையும் சாத்துறவன்," என்பார். "அவன்ட பேரை அவனே நம்பல்ல. மறுகா மேலிடம் எப்படி நம்பும்?"

இப்படிப்பட்டவர் செயலாளராக இருந்த சபையில்தான் போதகர் உதயரூபன் அந்த ஜெபத்தைச் செய்தார்.

நாவற்குடாவில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் அந்தச் சின்ன ஆலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் கிழமை கலியாண நாள் வருகிறவர்களின் பெயரை ஞாயிறு ஆராதனையில் செயலாளர் வாசிப்பார். அவர்கள் சோடி சோடியாக முன்னுக்கு வந்து பீடத்தின் முன் முழங்காலில் நிற்பார்கள். எல்லாருக்கும் சேர்த்துப் போதகர் ஒரே ஜெபம் செய்வார். முன்பு தனித்தனியாகத்தான் செய்தார்கள். ஆராதனை நீண்டு மதியச் சாப்பாடு பிந்துகிறது என்று இருபது வருடங்களுக்கு முன் சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்து, ஒரே ஜெபம் என்று ஆகியது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் நல்லரத்தினம்.

ஆனி மாதத்து இரண்டாம் ஞாயிறு, பட்டியலில் இரண்டே இரண்டு சோடிகள். முதலாவது நல்லரத்தினமும் அவருடைய மனைவி சுலோஜனாவும். நாற்பதாவது வருடம்.

இந்த நாற்பதுக்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது. முந்திய வருடம் சுலோஜனாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி கண்டு, கொழும்பில் சத்திரசிகிச்சை செய்தார்கள். டாக்டர் பொறுத்திருந்து பார்ப்போம் என்றார். எவ்வளவு காலம் பொறுப்பது என்று அவர் சொல்லவில்லை. சுலோஜனா ஓய்வு பெற்ற மருத்துவமாது. சொல்லாததும் அவருக்கு விளங்கும். நாற்பதாவது கலியாண நாளுக்கு முன்னுக்குப் போய் முழங்காலில் நிற்க வேண்டும், அதற்குப் பிறகு என்னவும் நடக்கட்டும் என்று, புருஷனைக் கேட்காமலே கடவுளோடு ஒரு உடன்படிக்கை செய்துகொண்டார். முழங்காலில் நிற்க முடிந்தது, எழும்பத்தான் முடியவில்லை. அதற்காக இருவரும் மூன்று நாள் வீட்டு விறாந்தையில் பயிற்சி எடுத்தார்கள். நல்லரத்தினம் இடது முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து, "ஒண்டு, ரெண்டு," என்று எண்ணித் தூக்குவார்.

பட்டியலில் இரண்டாவது பெயர்களை அன்று காலைதான் போதகர் தம் கையால் எழுதிச் சேர்த்திருந்தார். பத்தொன்பது வருடமாகப் பட்டியல் வாசித்துப் பழகிய நல்லரத்தினத்தின் வாய், தலையைக் கேட்காமலே வாசித்தது:

"நிலோஜன், சிவதர்ஷன். முதலாவது வருடம்."

வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, இரண்டாம் வாங்கு வரிசையிலிருந்து இரண்டு இளைஞர்கள் எழும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

நிலோஜன் அந்தச் சபையின் பிள்ளை. ஞாயிறுப் பள்ளியில் வசனப் போட்டிக்குப் பரிசு வாங்கியவன். இப்போது நோர்வேயில் ஆஸ்பத்திரித் தாதி. சிவதர்ஷன் களுதாவளைக்காரன், பிள்ளையார் கோயில் வீதியில் வீடு. அவனும் நோர்வேயில்தான் வேலை. இருவரும் அங்கே சட்டப்படி கலியாணம் பதிந்து ஒரு வருடம். இது நாவற்குடாவில் தெரியாத விஷயம் அல்ல. நிலோஜனின் தாய் வீட்டைக் கடக்கும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்தி அதைப் பற்றித்தான் பேசினார்கள். கதையாக இருந்தவரை சபை அதைத் தாங்கிக்கொண்டது. கதை முன்னுக்கு வந்து முழங்காலில் நின்றதுதான் சிக்கல்.

நல்லரத்தினம் இடப்பக்கம், பக்கத்தில் சுலோஜனா, சுலோஜனாவுக்கு அங்கால் அந்த இருவர். போதகர் கையை உயர்த்தினார்.

"ஆண்டவரே, இந்த இரண்டு குடும்பங்களையும்..."

குடும்பங்கள் என்ற சொல்லில் பின் வாங்கு ஒன்று கிறீச்சிட்டது. நல்லரத்தினம் எழும்பினார். நடுப்பாதையால் நேராக நடந்து பெரிய வாசலால் வெளியேறினார். பின்னால் ஒவ்வொருவராக, பிறகு வாங்கு வாங்காக, சபை எழும்பி வந்தது. வெளியே வேப்பமரத்தடியில் நின்று அவர் தலைகளை எண்ணினார். தம்மைச் சேர்த்து நாற்பத்திமூன்று. இரண்டாம் தரம் எண்ணியபோதுதான் மனைவி அதில் இல்லை என்பது தெரிந்தது.

அந்தக் கிழமையே பெட்டிசம் தயாரானது. காத்தான்குடி எல்லையில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த றிப்ஷான்தான் எப்போதும் அவருக்கு டைப் செய்துகொடுப்பவன்.

"தலைப்பு என்ன சேர்?"

"போதகர் உதயரூபனை உடனடியாக இடமாற்றம் செய்யக் கோரல். தடிச்ச எழுத்தில போடுங்க தம்பி."

றிப்ஷான் பத்தி பிரித்து, பந்திக்குப் பந்தி இலக்கம் போட்டுத் தட்டினான். ஐந்தாம் பந்தியில், சிவதர்ஷன் சபையைச் சேர்ந்தவனே அல்ல என்ற குற்றச்சாட்டு வந்தபோது கையை நிறுத்தினான்.

"சேர், ஒரு சந்தேகம். அவர் உங்கட ஆளா இருந்திருந்தா பரவாயில்லையா?"

"இல்ல. அப்பவும் பிழைதான்."

"அப்ப இந்தப் பந்தி சும்மா இரிக்கி."

"பாரத்துக்கு இரிக்கட்டும். உறை பாரமா இருந்தாத்தான் மேலிடத்தில மேசைக்குப் போகும்."

ஏழாம் பந்தி வந்தது. மேற்படி நாளில் செய்யப்பட்ட ஜெபம் செல்லுபடியற்றது என அறிவித்து, ஆராதனைப் பதிவேட்டிலிருந்து அதை நீக்க வேண்டும் என்று நல்லரத்தினம் சொல்லச் சொல்ல றிப்ஷான் அடித்தான்.

"துஆவையும் கென்சல் பண்ணலாமா சேர்?" என்று கேட்டான். கேலியாகத் தெரியவில்லை, தொழில் அறிவுக்காகக் கேட்டமாதிரி இருந்தது.

"நல்லரத்தினம் எழுதினா பண்ணலாம்."

நாற்பத்திமூன்று கையெழுத்தில் நாற்பத்திரண்டு இரண்டே நாளில் சேர்ந்தது. குறைந்த ஒன்று ஒரு கிழவருடையது. அவர் சாப்பாட்டு நேரம் என்று நினைத்துத்தான் எழும்பி வந்திருந்தார்.

பிரதியைக் கொடுக்க நல்லரத்தினம் போதகர் வீட்டுக்குப் போனார். உதயரூபன் முற்றத்தில் ஸ்கூட்டரைச் சரித்துவைத்து சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த மாதம் அது மூன்றாவது தரம் காற்றுப் போயிருந்தது. மூன்று தரமும் சில்லில் ஏறியிருந்த ஆணி ஒரே அளவு.

"இரிங்க போஸ்மாஸ்டர் ஐயா. கை எல்லாம் கறுப்பு." சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுப் பிரதியை வாங்கி, நின்றபடியே முழுவதும் வாசித்தார். "மூண்டாம் பந்தியில வசன எண் பிழை ஐயா. பதினெட்டு எண்டு போட்டிருக்கீங்க. அது இருபத்தெட்டு."

"உங்களுக்கு எதிரா எழுதினத நீங்களே திருத்துறீங்களா?"

"பிழையோட போனா சபைக்குத்தானே வெக்கம்."

நல்லரத்தினம் பேனையை எடுத்து எண்ணைத் திருத்தினார். திருத்தும்போது கேட்டார்: "போதகர், இதில எழுதினதெல்லாம் ஏத்துக்கிறீங்களா?"

"ஜெபம் செஞ்சத ஏத்துக்கிறன். அந்தப் பிள்ளைகள் ரெண்டு பேரும் கலியாணம் கட்டினவங்க. இங்க சட்டத்தில இடமில்ல. நானும் பதிவு ஒண்டும் செய்யல்ல. ஆனா அது கலியாணம் எண்டுதான் நான் நம்புறன். அடுத்த வருஷம் வந்து நிண்டாலும் செய்வன். அதையும் எட்டாம் பந்தியாப் போடுங்க."

"எட்டாம் பந்தி ஏற்கெனவே இரிக்கி."

"அப்ப ஒன்பதாப் போடுங்க."

"ரெண்டு குடும்பமாம்!" என்றார் நல்லரத்தினம். அந்தச் சொல் அவருக்கு இன்னும் செரிக்கவில்லை. "உங்களுக்குப் பயமே இல்லையா?"

"இல்லாம என்ன. வீடு குடிபுகுதலுக்கு ஒருத்தரும் கூப்பிடுறல்ல. ஞானஸ்நானத்துக்கு வாழைச்சேனையிலிருந்து வேற போதகரக் கொண்டு வாறாங்க. மாத்தினாங்கெண்டா மகள் ஓ.எல். சோதனை வருஷத்தில பள்ளிக்கூடம் மாறணும். மனிசி என்னோட ரெண்டு கிழமையா நேரா முகம் பாத்துக் கதைக்கல்ல." சில்லை உருட்டிப் பார்த்தார். "பயம் இரிக்கி ஐயா. ஆனா நாலு பேர் முழங்கால்ல நிக்கக்குள்ள, ரெண்டு பேரை மட்டும் எழும்பிப் போங்க எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல."

நல்லரத்தினம் புறப்பட்டார். படலையில் கால் வைத்தபோது போதகர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏழாம் பந்திய மட்டும் வீட்டில ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க."

அவர் வாசித்துக் காட்டவில்லை. பெட்டிசம் திருச்சபைத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் போனது.

பிரிந்துபோன நாற்பத்திமூன்று பேரும் ஞாயிறுகளில் ஒரு ரியூசன் கொட்டகையில் கூடினார்கள். சுவரில் இரசாயனப் பாடத்து மூலக அட்டவணை தொங்கியது. பிரசங்கம் செய்ய ஆளில்லாததால் நல்லரத்தினம் பெட்டிசத்தின் முன்னேற்றம் பற்றி விளக்கினார். ஆலயத்தில் பத்தொன்பது பேர் மிஞ்சியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சுலோஜனா. ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் ஒன்றாக வீட்டைப் பூட்டி, ஒன்றாகச் சந்திவரை நடந்து, அங்கே சுலோஜனா குடையை விரித்துக்கொண்டு வாவிப் பக்கம் திரும்புவார். இவர் ரியூசன் பக்கம் திரும்புவார்.

ஆறாம் கிழமை தலைமையகத்தின் பதில் வந்தது. நல்லரத்தினம் சந்தைக்குப் போயிருந்த நேரம். சுலோஜனாதான் கையெழுத்து வைத்து வாங்கினார். இவர் திரும்பி வந்தபோது அவர் குசினி வாசலில் இருந்து வாவி இறால் உரித்துக்கொண்டிருந்தார். கடிதம் உடைக்கப்பட்டு, தண்ணீர் படாத தூரத்தில் ஒரு பேணிக்கு அடியில் இருந்தது.

"வாசிங்க," என்றார்.

வருகிற வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு கூடும். போதகரின் இடமாற்றம் பற்றி முடிவு எடுக்கப்படும். அதுவரை சபையார் எழுத்தில் கருத்துத் தெரிவிக்கலாம். ஏழாம் பந்தியைப் பொறுத்தவரை, குறித்த நாளின் பதிவேட்டில் 'கலியாண நாள் ஜெபம், ஒன்று. குடும்பங்கள், இரண்டு' என ஒரே வரி இருப்பதால், மனு ஏற்கப்படுமிடத்து முழு வரியும் நீக்கப்படும் என்பதை அறியத்தருகிறோம்.

நல்லரத்தினம் இரண்டு தரம் வாசித்தார்.

"முழு வரியும் எண்டா?" என்று கேட்டார் சுலோஜனா.

"அது... நிருவாக பாஷை புள்ள. எங்கடத விட்டுட்டு அவங்கடத மட்டும் வெட்டச் சொல்லி எழுதலாம்."

"ஒரு ஜெபம்தானே. எங்க பிடிச்சி வெட்டுற?" இறால் தலை ஒன்றைத் திருகிப் போட்டார். "ஒரே ஜெபம் போதும் எண்டு கூட்டத்தில எழும்பிச் சொன்னது ஆரு?"

நல்லரத்தினம் கடிதத்தை மடித்தார்.

"நான் எப்பிடி எழும்பின எண்டு நீங்க இண்டு வரைக்கும் கேக்கல்ல."

"எங்க இருந்து?"

"முழங்கால்ல இருந்து. ஜெபம் முடிஞ்சிது. ஆமென் சொன்னன். இடது கையை நீட்டினன். நீங்க வேப்பமரத்துக்குக் கீழ நிண்டு ஆள் எண்ணிக்கொண்டிருந்தீங்க. எழும்ப ஏலா. போதகர் பாக்கிறார், சனம் பாக்குது. மறுகா நிலோஜன் இந்தப் பக்கம் வந்தான். மற்றப் பொடியன் அந்தப் பக்கம் வந்தான். நிலோஜன் ஆஸ்பத்திரியில தூக்கிப் பழகினவன்தானே, வயித்தில கை படாமத் தூக்கினான். 'ஆன்ரி, ஒண்டு, ரெண்டு' எண்டு எண்ணினான்." சுலோஜனா சட்டியைத் தள்ளி வைத்தார். "நாற்பதாவதுக்கு நான் அப்பிடித்தான் எழும்பின. அத வெட்டச் சொல்லித்தான் நீங்க நாப்பத்திரண்டு பேரிட்டக் கையெழுத்து வாங்கியிரிக்கீங்க. வெட்டுங்க. ஆனா நாப்பத்தொண்டு எனக்கு வருமா எண்டு டாக்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

குரலை உயர்த்தவில்லை. எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, இறாலைக் கழுவப் போனார்.

நல்லரத்தினம் விறாந்தையில் உட்கார்ந்தார். பெட்டிசத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கு ஒரு கடிதம் போதும்; கீழே முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம். ஆனால் அந்தப் பெயரை நம்பித்தான் நாற்பத்திரண்டு பேர் மூலக அட்டவணைக்குக் கீழே இருக்கிறார்கள். நாற்காலிகளை அசைத்த பெயர் அது. அந்தப் பெயரே வந்து, நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொன்னால், டிப்போ அத்தியட்சகர்கூடத் திரும்பி வந்துவிடுவார். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். வெள்ளிக்கு இன்னும் நாலு நாள். சாதாரணத் தபாலுக்கு இரண்டு நாள் போதும். இதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் காலையில் றிப்ஷான் கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார்.

"எனக்கில்ல தம்பி. வேற ஒரு ஆளுக்கு."

"சொல்லுங்க சேர். தலைப்பு?"

"போதகர் உதயரூபனை இதே சபையில் தொடர்ந்து பணியாற்ற அனுமதிக்கக் கோரல்."

றிப்ஷானின் விரல்கள் ஒரு கணம் விசைப்பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றன. பிறகு சொன்னான்: "பழைய ஃபைல் இரிக்கி. அதத் திறந்து மாத்த வேண்டிய இடத்த மட்டும் மாத்துவமா?"

"இல்ல. புதுசா அடிங்க."

நல்லரத்தினம் சொன்னார். போதகர் அன்று செய்தது புதிய ஜெபம் அல்ல. சபையின் வழமையான ஜெபம். ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு இல்லையென்று சொல்ல அதில் இடமில்லை. அந்த வழமை சபைக் கூட்டத்தின் நான்காம் இலக்கத் தீர்மானத்தால் ஏற்பட்டது. அத்தீர்மானம் தூரநோக்கு மிக்க ஒருவரால் முன்மொழியப்பட்டது.

"இந்த வரி வேணுமா சேர்?"

"ஏன்?"

"ஆர் எழுதினதெண்டு தெரிஞ்சிடும்."

நல்லரத்தினம் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். "தூரநோக்கு மிக்க எண்டத மட்டும் எடுங்க," என்றார்.

கடைசிப் பந்தி: அன்றைய ஜெபத்தில் நின்ற இரண்டு குடும்பங்களும் ஒரே வரியில் உள்ளன. அவ்வரி எந்த வகையிலும் வெட்டப்படாமல், அப்படியே இருக்க வேண்டும்.

"இரண்டு குடும்பங்களும்," என்று வாய்விட்டுச் சொல்லி அடித்தான் றிப்ஷான். "சரியா சேர்?"

"சரி."

"கீழ பேர்?"

மேலே மின்விசிறி சுற்றியது. நல்லரத்தினம் அதைப் பார்த்தார்.

"பேர் வேணாம் தம்பி."

"முகவரி?"

"அதுவும் வேணாம். 'உண்மையுள்ள, சபையார் ஒருவர்' எண்டு போடுங்க."

றிப்ஷான் போட்டான். தாளை உறையிலிட்டுக் கொடுக்கும்போது, ஜன்னலால் வெயில் அடிக்கிறது என்று சொல்லி, எழும்பிப் போய் அதை மெதுவாகச் சாத்தினான்.

நாவற்குடாத் தபாற்கந்தோரில் அவரைத் தெரியாதவர் இல்லை. டவுணிலும் அப்படித்தான். நல்லரத்தினம் பஸ் ஏறி ஏறாவூரில் இறங்கினார். சந்தையடியில் ஒரு சிவப்புத் தபால்பெட்டி, ஒரு துணிக்கடைப் படிக்கும் ஒரு வெற்றிலைக் கடைக்கும் நடுவில் நின்றது. உறையைக் கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார். பாரமே இல்லை. இப்படிப்பட்ட உறைகள் எங்கே போகும் என்று அவருக்கு முப்பத்தொரு வருட அனுபவம் இருந்தது. இருந்தும் முத்திரையை நாக்கில் நனைத்து, நேராக, நாலு மூலையும் அழுத்தி ஒட்டினார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பெட்டியின் வாய்க்குள் கையை முழங்கை வரைக்கும் விட்டு, சத்தம் கேளாமல் அதை உள்ளே வைத்தார்.